நம் ஊர்க் கடலைக் காப்பது எப்படி? மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபத்துக்கு வடகரையில், காற்று விழுந்த ஒரு விடியற்காலையில், முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிச் சும்மா நின்று பாருங்கள். முதல் நிமிடம் பச்சைப் புல் மட்டும்தான் தெரியும். கால் கிளப்பிய கலங்கல் அடங்கியபின் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கும். புல்லின் தாளில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல் குதிரை. உடலை மணலுக்குள் புதைத்துக் கண்களை மட்டும் தூக்கி வைத்திருக்கும் நீலக்கால் நண்டு. விரல் நீளம்கூட இல்லாத ஓரா மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்து இலை இலையாகக் கொறிக்கும். கரையிலிருந்து நூறு அடிகூட இருக்காது. நாம் காப்பாற்ற வேண்டியது அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறது.

இராமேசுவரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. பாம்பன் முதல் தூத்துக்குடி வரை கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. 117 வகை வன்பவளங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அரசாணைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வலையில் சிக்கிய ஆமையைப் பார்ப்பது அரசாணை இல்லை, அந்தப் படகில் இருக்கும் இரண்டு பேர். அவர்களுக்கும், அவர்களோடு கரையில் வாழ்கிறவர்களுக்கும்தான் இந்த வழிகாட்டி.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிற பலர் முதலில் கேட்பது, "என்ன நடலாம்?" என்பதுதான். அலையாத்திக் கன்றா, கடற்புல்லா, பவளமா என்று கேட்கிறார்கள். நடுவதை நான் கடைசிப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். எது அழிக்கிறது என்று கண்டு, அதை நிறுத்தியபிறகுதான் நடுவதற்குப் பொருள் உண்டு. கடல்தரையை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலை தினமும் உழுதுவிட்டுப் போகும் தரையில் நட்ட புல் ஒரு வாரம்கூட நிற்காது. ஆகவே படிகளைத் தாண்டிக் குதிக்காமல் வரிசையாகப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: உங்கள் கடலின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள்

ஊரில் அறுபது வயதைத் தாண்டிய மீனவர்கள் மூன்று நான்கு பேரை உட்காரவைத்து, ஒரு பெரிய தாளில் கரைக்கோட்டை மட்டும் வரைந்து கொடுங்கள். பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, புல்தரை எது, சேறு எது, முன்பு சங்கு குளித்த இடம் எது என்று கேளுங்கள். கரையில் தெரியும் பனை, கோயில் கோபுரம், மாதா கோயில் கூரை, கலங்கரை விளக்கம் இவற்றில் இரண்டை ஒரே நேர்கோட்டில் வைத்துக் கடலுக்குள் இருக்கும் பாரைக் கண்டுபிடிக்கும் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. குமரிக் கரையில் அதைக் கணியம் என்பார்கள். ஜிபிஎஸ் கருவி வந்தபின் இளையவர்கள் அதைக் கற்றுக்கொள்வதில்லை. கருவியில் எண் மட்டும்தான் இருக்கும்; அந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன் சினையோடு வந்து அடையும் என்பது பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

கேட்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது, இப்போது வராத மீன் எது என்பது. வேளா மீனைக் கேட்டுப் பாருங்கள். ரம்பம் போன்ற கொம்புள்ள அந்த மீனைச் சிறு வயதில் பார்த்ததாக ஒருவர் சொல்வார். அவருடைய மகன் பார்த்திருக்க மாட்டார். சங்க காலத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வணங்கி, முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் இருந்தார்கள். அந்த வழக்கத்தின் எச்சம் சில ஊர்களில் இன்னும் கிடைக்கலாம். கிடைத்தால் எழுதிவையுங்கள்.

இப்படிச் சேகரிப்பதைச் சட்டப்பூர்வ ஆவணமாக மாற்றவும் வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். கரையோர ஊராட்சிகளில் அந்தப் பதிவேட்டில் மரங்களும் மாடுகளும் இருந்து கடல் விடுபட்டுப்போயிருக்கலாம். கிராமசபையில் எழுந்து, கடலையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாளை ஒரு துறைமுகமோ ஆலைக் குழாயோ வரும்போது, அங்கே புல்தரை இருந்தது என்பதற்குக் காட்ட ஒரு தாளாவது வேண்டும்.

இரண்டாம் படி: கோடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சட்டம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. அதன்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் இழுவைமடி இழுக்கக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கு எங்கும் அனுமதி இல்லை. வெடி போட்டு மீன் பிடிப்பது குற்றம்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசு, கடலாமைகள், பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, திமிங்கலச் சுறா, வேளா ஆகியவற்றையும் சில சங்கு, சோழி வகைகளையும் காக்கிறது. பவளமும் கடல் அட்டையும் 2001-இல் அந்தப் பட்டியலில் ஏறின. இலங்கையில் அட்டை வணிகம் சட்டப்படி நடப்பதால், இங்கிருந்து கடத்துவதற்குப் பணம் கொடுக்க எப்போதும் யாராவது இருக்கிறார்கள். பிடிபட்டுச் சிறைக்குப் போவது பெரும்பாலும் மூழ்கி அட்டை எடுக்கப்போன ஏழைப் பையன்தான். அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைத் தின்று, சுத்தமான மணலாக வெளியே விடும் உயிர். அட்டை போன தரை நாளடைவில் மூச்சுமுட்டும். இதைச் சட்டமாகச் சொல்வதைவிடத் தரையின் கதையாகச் சொன்னால் பையன்கள் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மூன்றாவது. பவளம், கடற்புல், அலையாத்தி, ஆமை முட்டையிடும் மணல், மணற்குன்று ஆகியவை இருக்கும் இடங்களை அது மிகவும் காக்கப்பட வேண்டிய முதல் வகையில் வைக்கிறது. முதல் படியில் நீங்கள் வரைந்த வரைபடத்துக்கு இங்கேதான் வேலை.

மூன்றாம் படி: அழிவை நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் பாதி எடை இந்தப் படிக்குத்தான்.

பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவான ஆழம் கொண்டது. வெயில் தரைவரை இறங்குவதால்தான் அங்கே இவ்வளவு புல். கடற்புல் பாசி வகையைச் சேர்ந்தது இல்லை. அது வேரும் தண்டும் பூவும் உள்ள செடி. வயலில் நெல் நிற்பதுபோல் மண்ணைப் பிடித்து நிற்கிறது. அதன்மேல் இழுவைமடி ஒருமுறை போனால் இலை மட்டும் அறுபடுவதில்லை, வேரோடு பெயர்ந்து வருகிறது. கிளம்பிய சேறு தண்ணீரில் மிதந்து, பக்கத்தில் தப்பித்து நிற்கும் புல்லுக்கும் வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. கரையில் இறக்கிய மடியைப் பிரிக்கும்போது பாருங்கள்: கூடையில் போகிற இறாலைவிட, கழிவு என்று ஒதுக்கப்படும் குவியல் பெரிதாக இருக்கும். அந்தக் குவியலில் விரலால் துழாவினால் குட்டி ஓரா, குட்டிச் சங்கரா, நட்சத்திர மீன், தாளோடு வந்த புல் எல்லாம் கிடைக்கும். கருவாட்டுக்குக்கூட ஆகாமல் கோழித் தீவனத்துக்குப் போகும் அந்தக் குவியல்தான் இரண்டு வருடம் கழித்து வந்திருக்க வேண்டிய மீன்.

இதை யார் தடுப்பது? ஒரு ஊர் தனியாக நின்றால் சண்டைதான் வரும். ஆனால் பேச்சுவார்த்தையில் முடிந்ததற்கு இதே கரையில் முன்மாதிரி இருக்கிறது. இராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மீதி நான்கு நாள் என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அதைப் போலவே, குறிப்பிட்ட புல்தரையில், குறிப்பிட்ட மாதங்களில், எந்தப் படகும் மடி போடாது என்று பக்கத்து ஊர்க் கமிட்டிகள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம். பேசப்போகும்போது விசைப்படகு முதலாளியை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். படகு வாங்கிய கடன் அவர் கழுத்தில் இருக்கிறது. அருகில் மீன் இருக்கும்வரை அவர் கரையை ஒட்டித்தான் இழுப்பார். ஆழ்கடலுக்கு மாறுவதற்கான மானியத் திட்டங்களைப் பற்றிய விவரங்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தடையை மற்றவர் விதிக்கும்வரை காத்திருக்காமல் தாமே விதித்துக்கொண்டவர்களும் இங்கே உண்டு. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பருவம் உண்டு. பூங்காவுக்குள் போகக் கூடாது என்ற தடையால் பிழைப்பே போய்விடும் என்றிருந்த நிலையில், அவர்கள் கூடிப் பேசி மாதத்தில் 12 நாட்கள் மட்டும் எடுப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிடுவது என்று முடிவு செய்தார்கள். மீன்பிடித் தடைக்காலத்திலும் பாசி எடுப்பதை நிறுத்தினார்கள். அவர்களை முன்நின்று திரட்டிய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 12 நாள் கணக்கு. கையால் கிள்ளிய பாசி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், சுரண்டியது துளிர்க்காது என்பதை அவர்கள் விரலால் அறிந்து வைத்திருந்தார்கள்.

அடுத்து நங்கூரம். பார்மேல் நங்கூரம் போடாதீர்கள், மணலில் போடுங்கள். சுற்றுலாப் படகுகள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதால், அங்கே நிரந்தர மிதவை ஒன்றைக் கட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் பவளம் உடைவது நிற்கும். இதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

அறுந்த வலை இன்னொரு பெரும் தொல்லை. அறுந்துபோன நைலான் வலை கடலுக்குள் ஆள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். சிக்கிய மீனைத் தின்ன நண்டு வரும், நண்டும் சிக்கும், அதைத் தின்ன வந்ததும் சிக்கும். பாரில் மாட்டிய வலையைப் படகில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். வலையோடு பவளமும் உடைந்து வரும். கடல் தெளிந்திருக்கும் நாளில் இரண்டு பேராக இறங்கி, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, பைக்குள் போட்டு மேலே கொண்டுவாருங்கள். பவளம் ஏற்கெனவே வலையைச் சுற்றி வளர்ந்துவிட்டிருந்தால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. கரையில் கிழிந்த வலைகளைப் போட இறங்குதளத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, பழைய வலை வாங்கும் வியாபாரியை மாதம் ஒருமுறை வரச்செய்தால் பாதி வலை கடலுக்கே போகாது.

பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் இங்கே பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 2005 வாக்கில்தான் அது நின்றது. அதற்குள் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லித் தீவும் கடலுக்குள் போய்விட்டன. அலையை உடைத்து நிறுத்திய பார் போனதால் மணல் நிற்கவில்லை. 21 தீவுகள் என்று எழுதும்போதெல்லாம் அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்குக் கீழே என்பது நினைவுக்கு வந்து உறுத்துகிறது.

நான்காம் படி: சினை நண்டைத் திருப்பி விடுங்கள்

பணச் செலவு மிகக் குறைவாகவும் பலன் மிக அதிகமாகவும் உள்ள வேலை இது. ஆகையால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நண்டு வலையைக் கழற்றும் பெண்களின் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறீர்களா? பெண் நண்டைத் திருப்பிப் பிடித்தால், வயிற்று மடலுக்கு வெளியே பஞ்சுபோல் ஒரு பொதி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சினை. ஒரு நீலக்கால் நண்டின் பொதியில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். முதலில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். நாள் ஆக ஆகப் பழுப்பாகி, பொரிவதற்கு ஓரிரு நாள் இருக்கும்போது சாம்பல் கலந்த கறுப்பாகிவிடும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கரும்புள்ளி தெரியும். குஞ்சின் கண் அது.

சந்தையில் கறுத்த சினையோடு உள்ள நண்டுக்கு விலை குறைவு. எனவே கறுத்ததை விடுவதற்கு யாரும் பெரிதாக மறுக்க மாட்டார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். வலையிலிருந்து கழற்றும்போது கால் ஒடியாமல், நூலை வெட்டி எடுத்து, ஈரச் சாக்கில் நிழலில் வைத்து, அன்றே கடலில் விட்டுவிடலாம். மஞ்சள் சினைக்குக் கரையில் சிறு ஏற்பாடு வேண்டும். காற்றுக் குழாய் வைத்த, சுத்தமான கடல்நீர் நிரப்பிய தொட்டியில் தனித்தனியாக விட்டு, நிறம் மாறிக் குஞ்சு பொரித்தபின் தொட்டி நீரோடு கடலில் சேர்ப்பார்கள். தாய் நண்டு பிறகு விற்பனைக்குப் போகலாம். ஆகவே யாருக்கும் முழு நட்டம் இல்லை.

நண்டுக் கம்பெனிக்கு எடைபோடும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள்: "சினை நண்டு இங்கே எடுக்கப்படாது." வாங்குபவர் நிறுத்தினால் பிடிப்பவர் தாமாக நிறுத்துவார். ஒரு ஊரில் இதைப் பேசியபோது ஒரு மூதாட்டி, "பிள்ளைத்தாய்ச்சியை எடைக்கல்லில் வைப்பார்களா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தக் கூட்டத்தில் நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஐந்தாம் படி: உயிர் வலையில் சிக்கும்போது

கடற்பசுவை இந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். ஒரு நாளில் 30 முதல் 40 கிலோ வரை கடற்புல்லைத் தின்னும். பால் கொடுக்கும் விலங்கு. நுரையீரலால் மூச்சு விடுவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். ஓர் ஆண்டுக்கும் மேல் கருவைச் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். ஒரு தாய் வலையில் இறந்தால் அந்தக் கணக்கு மீள எத்தனை ஆண்டு ஆகும் என்று நீங்களே பாருங்கள். திருக்கை வலை போன்ற பெருங்கண் வலைகளை இரவு முழுக்க அடியில் கட்டிவிட்டுக் கரைக்கு வந்துவிடுவதுதான் அதற்குப் பெரிய ஆபத்து. புல்தரைமேல் கட்டுவதாக இருந்தால் அருகிலேயே இருந்து காத்துக்கொள்ளுங்கள்.

ஆவுளியா சிக்கியதைக் கண்டால் இன்ஜினை நிறுத்துங்கள். முதல் வேலை அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைப்பது. மிதவையோ லைஃப் ஜாக்கெட்டோ தாடைக்குக் கீழே கொடுத்துத் தாங்கலாம். பிறகு தலைப் பக்கத்தையும் துடுப்புகளையும் சுற்றிய வலையை முதலில் வெட்டுங்கள். வாலைக் கடைசியில் பாருங்கள், அதன் ஒரே அடியில் ஆள் கீழே விழுவார். வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. படகில் ஏற்ற முயலக் கூடாது. கன்று சிக்கியிருந்தால் தாய் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சத்தம் போடாதீர்கள். முடிந்தால் ஒருவர் கைப்பேசியில் எல்லாவற்றையும் படம்பிடிக்கட்டும். இப்படி விடுவித்த மீனவர்களை வனத்துறை பரிசுத்தொகை கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. வெட்டிய வலைக்கு இழப்பீடு கேட்கவும் அந்தப் படம் உதவும்.

ஆமைக்கு முறை வேறு. வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் எறிந்துவிடாதீர்கள். பல ஆமைகள் மூச்சுத் திணறி மயங்கியிருக்கும்; அப்படியே எறிந்தால் மூழ்கிச் சாகும். வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பக்கம் ஒரு சாண் உயரும்படி சாக்கையோ கயிற்றுச் சுருளையோ அடியில் கொடுங்கள். நுரையீரலில் ஏறிய நீர் வாய் வழியாக வடியும். நிழலில் வைத்து ஈரத்துணி போடுங்கள், மூக்கை மூடாமல். மயக்கம் தெளிய சில மணி நேரம் ஆகலாம். சில வேளை ஒரு நாள் முழுக்கவும் ஆகும். தலையைத் தூக்கி, துடுப்பை வலுவாக அடிக்கத் தொடங்கியபின், இன்ஜினின் விசிறி சுற்றாத நிலையில், மெல்லச் சரித்துக் கடலில் விடுங்கள். மல்லாக்கப் போடுவதும் நெஞ்சை அமுக்குவதும் தவறு.

வனச்சரக அலுவலகத்தின் எண்ணைப் படகின் உள்பக்கத்தில் பெயிண்டால் எழுதிவையுங்கள். நனைந்த கைப்பேசியில் தேட நேரம் இருக்காது. வெடி போடுகிறவர்களையோ அந்நியப் படகையோ கண்டால் மாநிலக் காவல்துறையின் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, உயிர் ஆபத்துக்கு இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554.

ஆறாம் படி: கரையைச் சரிசெய்யுங்கள்

கடலுக்குப் போகாதவர்கள் செய்ய வேண்டியது இது. பங்குனி ஆமை சனவரி முதல் மார்ச் வரை மணலேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறுக்கு மேல் இருக்கும். 45 முதல் 60 நாட்களில் பொரியும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நினைத்து ஓடும். கடலைப் பார்த்த விளக்குகளை அந்த மாதங்களில் அணைத்து வைக்கவோ, நிலத்தை நோக்கித் திருப்பி மறைப்புப் போடவோ ஊராட்சியிடம் கேளுங்கள். முட்டைக் குழியை நீங்களே தோண்டாதீர்கள். இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலே உள்ளே கரு செத்துவிடும். சென்னையில் 1988 முதல் மாணவர்களே இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அவர்களைப் போல முறையாக அனுமதி பெற்ற குழுவோடு சேர்ந்து நடப்பதே சரியான வழி.

மணலில் ஒதுங்கிய காய்ந்த கடற்புல்லைக் குப்பை என்று அள்ளிக் கொளுத்த வேண்டாம். அது மணலைப் பிடித்து வைக்கும். சிறு உயிர்களுக்கு உணவாகும். நெகிழியை மட்டும் பொறுக்குங்கள். சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் கலக்கும் வாய்க்காலுக்கு எதிரே புல்லின் இலைமேல் வழவழப்பான பாசி படர்ந்திருந்தால், அது வெளிச்சமில்லாமல் சாகப்போகிறது என்று பொருள். தேதியோடு படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். ஒருமுறை எழுதினால் பதில் வராது. ஊராட்சித் தீர்மானத்தோடு மூன்றாவது முறை எழுதும்போது வரும்.

ஏழாம் படி: இப்போது நடலாம்

கடற்புல்லுக்கு, தஞ்சைக் கரையில் ஓம்கார் அறக்கட்டளை உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து செய்துவரும் முறை எளிமையானது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அடர்ந்த புல்தரையிலிருந்து வேரோடு எடுத்த நாற்றுகளை அதில் செருகி, தரையில் பதிக்கிறார்கள். வேர் பிடிக்கும்வரை கயிறு தாங்கும், பிறகு மக்கிவிடும். நாற்று எடுக்கும் இடத்தை மொட்டையாக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுப்பதும், முன்பு புல் இருந்த இடத்தில் மட்டும் நடுவதும் முக்கியம். அந்த இடம் எது என்று உங்கள் முதல் படி வரைபடம் சொல்லும்.

அலையாத்தியில் பலர் செய்யும் தவறு, வெறும் மணல் கண்ட இடமெல்லாம் கன்று நடுவது. ஆமை ஏறும் மணலிலும், உயிர்ப்புள்ள சேற்றுத்திட்டிலும் நட்டால் இருந்த உயிரைத் துரத்துகிறோம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அழிந்த காட்டை மீட்டபோது, முதலில் தண்ணீர் போய்வர வழி செய்தார்கள். வெட்டப்பட்ட காட்டின் நடுவில் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறிக் கிடந்தது. மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓதநீர் ஏறி இறங்கச் செய்தபின் கன்றுகள் நின்றன.

பவளம் நடுவதை ஆய்வு நிறுவனங்களிடம் விட்டுவிடுங்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அதைச் செய்துவருகிறது. கரைந்துகொண்டிருந்த வான் தீவின் கடற்பக்கத்தில் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்ததும் அவர்கள் பங்களிப்புதான். நமக்கு உள்ள வேலை வேறு: கோடையில் கடல்நீர் சூடேறும்போது பவளம் தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை இழந்து வெளிறும். 2010-லும் 2016-லும் இங்கே பெரிய அளவில் வெளிறியது. வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும். அந்த வாரங்களில் அந்தப் பாரை யாரும் தொடாமல், படகு கட்டாமல், மேலே மிதிக்காமல் விட்டுவைப்பதே அதற்குச் செய்யும் பெரிய உதவி.

வெளிநாட்டு உயிரைக் கொண்டுவருவதில் எச்சரிக்கை வேண்டும். வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் பாசி, 2008 வாக்கில் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருந்தது. சிறு துண்டு விழுந்தாலும் அதிலிருந்து வளரும் என்பதால் கையால் பிடுங்கும்போதே பரவிவிடும். பாசி வளர்ப்பு பெண்களின் கையில் காசு தரும் தொழில். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பவளப் பாருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மிதவையிலிருந்து அறுந்த துண்டுகளை வலைபோட்டுப் பிடிப்பதும் வளர்ப்பவரின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

எட்டாம் படி: மீன் வாங்குகிறவர்களுக்கு

சீலா மீன் (வஞ்சிரம்) ஏறத்தாழ முக்கால் மீட்டர் வளர்ந்தபிறகே முதல்முறை சினை பிடிக்கும். முழங்கை நீளக் குட்டிச் சீலாவை மலிவு என்று வாங்காதீர்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு என்று தேடி வாங்கும் பால்சுறாவில் பெரும்பகுதி இன்னும் வளராத குட்டிகள். சுறா சில குட்டிகளை மட்டுமே ஈனும். மத்திபோல் வருடத்துக்கு வருடம் பெருகாது. மத்தி, சூடை, காரல் போன்ற சிறுமீன்களில் அதே சத்து இருக்கிறது. கடைசியாக, பவளத்துண்டோ சங்கோ நினைவுப்பொருளாக வேண்டாம்.

ஒன்பதாம் படி: எண்ணுங்கள், எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதம் ஒருமுறை, நீர் வற்றியிருக்கும் நேரத்தில், வரைபடத்தில் குறித்த மூன்று இடங்களுக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எவ்வளவு பங்கு புல், எத்தனை சங்கு, எத்தனை நட்சத்திர மீன் என்று எண்ணுங்கள். நாள், காற்று வாடையா (வடக்கு) சோழகமா (தெற்கு) கச்சானா (மேற்கு), நீர் தெளிவா கலங்கலா என்பதையும் எழுதுங்கள். கரை ஒதுங்கிய ஆமை, ஆவுளியா எதுவானாலும் நீளத்தை அளந்து, காயத்தைப் படமெடுத்து, வனத்துறைக்குச் சொன்ன நேரத்தையும் குறியுங்கள். எண்ணிக்கை குறைந்தால் குறைந்ததாகவே எழுத வேண்டும். பிள்ளைகள் ஆசையில் ஒன்றிரண்டு கூட்டி எழுதுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள்.

முதல் எண்ணிக்கையை ஏப்ரல் 15-க்கு முந்தைய அமாவாசையில் எடுங்கள். அடுத்ததை ஜூன் 14-க்குள், படகுகள் மறுபடி இறங்குவதற்கு முன், அதே இடத்தில், அதே கயிற்றை வைத்து எடுங்கள். இரண்டு பக்கங்களையும் கிழித்துவிடாமல் அருகருகே ஒட்டி, இறங்குதளத்தின் ஏலக்கூடச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் மாட்டுங்கள்.